மொய்ரா பிரென்னன் வீட்டுத் தக்காளி

செடியின் அடியில் மூன்று இலைகள் மஞ்சளாக இருந்ததைப் பார்த்ததும் மொய்ரா பிரென்னனுக்கு முதலில் தோன்றியது, செடிக்கு என்ன நோய் என்பதல்ல. 'அம்மாதான் செய்தாள் என்று மகன் சொல்வான்' என்பதுதான். டீக் கோப்பையோடு கண்ணாடி அறைக்குள் வந்தவள் அந்த டீயைக் குடிக்காமலேயே திரும்பிப் போய்ப் பாத்திரத் தொட்டியில் கொட்டினாள். மறுபடி வந்து பார்த்தாள். மஞ்சள் அங்கேயேதான் இருந்தது.

செடிகள் இரண்டு. இரண்டும் அவள் மகன் டெக்லனுடையவை. கஞ்சா. கான்பெராவில் ஆளுக்கு இரண்டு வளர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகின்றன. விளக்குப் போட்டு வளர்க்கக் கூடாது, சூரிய வெளிச்சத்தில்தான் வளர்க்க வேண்டும், வெளியாள் கை படும் இடத்தில் வைக்கக் கூடாது. அதனால் கான்பெராவின் கம்பா பகுதியில் எங்கள் தெருவிலேயே நாலைந்து வீடுகளில், இங்கே வெயில் வடக்கிலிருந்து விழுகிற ஜன்னலோரமாக ஏதோ ஒன்று பச்சையாகத் தெரியும். யாராவது கேட்டால் தக்காளி என்போம். சட்டம் மாறிவிட்டது, வாய் இன்னும் மாறவில்லை.

டெக்லன் செம்மறி ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கிறவன். கோடை முடிகிற சமயத்தில் அவன் குழு ஹில்ஸ்டனைத் தாண்டி மேற்கே கிளம்பியது. அங்கே வேறு மாநிலம், வேறு சட்டம். இலை ஒன்று வண்டியில் கிடந்தாலும் போலீஸ் பிடிக்கும். செடியை எடுத்துப் போக வழியில்லை. கிளம்பும் அன்று காலையில், பின்பக்கம் திறந்த யூட் வண்டியில் மூட்டைகளை ஏற்றிவிட்டு, என்ஜினை அணைக்காமலே திரும்பி வந்து வாசலில் நின்றான்.

"தண்ணி மட்டும் ஊத்தும்மா. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"எவ்வளவு?"

"மேல் மண்ணு காஞ்சா ஊத்து. காயலைன்னா விட்டுரு." கொஞ்சம் தயங்கினான். "முடியும்ல?"

"செடிக்குத் தண்ணி ஊத்தத் தெரியாதா எனக்கு? போடா."

போய்விட்டான். அவன் அவளிடம் ஒரு காரியம் சொல்லிவிட்டுப் போனது பதினெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அன்று பூராவும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. என் வீட்டு வேலிக்கு வந்து, தேவையே இல்லாமல் என் ரோஜாவைப் புகழ்ந்துவிட்டுப் போனாள். மொய்ரா ரோஜாவைப் புகழ்கிற ஆள் இல்லை.

ஆள் எப்படிப்பட்டவள் என்றால், இங்கே ஒரு உயர்நிலைப் பள்ளியின் ஆபீசில் முன்வரிசை மேஜையில் அரை ஆயுளைக் கழித்தவள். தாமதமாக வருகிற பிள்ளை, காய்ச்சல் என்று நடிக்கிற பிள்ளை, அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வருகிற பிள்ளை, எல்லாம் அவள் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் மூக்கு அந்தப் பள்ளியில் பேர் பெற்றது. ஒரு பையன் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும்போதே, அவன் எதைப் புகைத்துவிட்டு எந்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வருகிறான் என்று சொல்லிவிடுவாள். புருஷன் கோலின் குவீன்ஸ்லாந்தில் வேறு குடும்பம் கட்டிக்கொண்டு போன பிறகு அந்த மூக்கு இன்னும் கூர்மையானதே ஒழிய மழுங்கவில்லை.

டெக்லன் அதே பள்ளியில்தான் படித்தான். பதினேழு வயதில், வீட்டுக் கொல்லையில் மழைநீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு செடி வளர்த்தான். அப்போது அது குற்றம். மொய்ரா கண்டுபிடித்தாள், பிடுங்கினாள், கறுப்புக் குப்பைப் பையில் போட்டாள். அதோடு விட்டாளா? மறுநாள் காலையில் அந்தப் பையைத் தானே தூக்கிக்கொண்டு போய்த் தலைமையாசிரியர் மேஜையில் வைத்தாள். ஊரார் பிள்ளைக்கு ஒரு நியாயம், என் பிள்ளைக்கு ஒரு நியாயமா என்று கேட்டாள். நேர்மைதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் பெற்றவளுக்கு அவ்வளவு நேர்மை எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் எரிச்சலாகத்தான் வருகிறது. பையனைப் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நிறுத்தினார்கள். அவன் நிரந்தரமாகவே நின்றுகொண்டான். யாஸ் ஊர்ப் பக்கம் ஏதோ ஒரு ஆட்டுக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தான். அதற்குப் பிறகு பதினெட்டு வருடமாகக் கிறிஸ்துமசுக்கு ஒரு போன், அவ்வளவுதான்.

போன குளிர்காலத்தில், கூட இருந்த பெண் வெளியே போகச் சொல்லிவிட்டாள் என்று இரண்டு பைகளோடு வந்தான். கொஞ்ச நாள்தான் என்றான். மொய்ரா எத்தனை நாள் என்று கேட்கவில்லை. வசந்தம் வந்ததும் ஒருநாள் சமையலறை வாசலில் நின்று, "ரெண்டு செடி வெச்சுக்கட்டுமா? உள்ளதான்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். "சட்டம் விடுதுன்னா எனக்கென்ன" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது மன்னிப்புக் கேட்டது மாதிரி. அவனுக்கு அது அப்படிக் கேட்டிருக்காது.

இப்போது அந்தச் செடி மஞ்சளாகிறது. செத்துப்போனால் அவன் என்ன நினைப்பான் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அம்மா மறுபடி பிடுங்கிவிட்டாள், இந்தத் தடவை நைசாகப் பிடுங்கிவிட்டாள் என்றுதான் நினைப்பான். அதே பைகளைத் தூக்குவான். இன்னொரு பதினெட்டு வருடம் காத்திருக்க அவளிடம் ஆயுள் கையிருப்பு இல்லை.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் கண்ணாடி அறைக்குப் போனாள். தொட்டிகளைக் கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலைக்குத் தரையோடு தள்ளி நகர்த்தினாள். சாயங்காலம் மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினாள். போனில் தேடிப் பார்த்தாள். தண்ணீர் குறைவு என்று ஒருவன், அதிகம் என்று ஒருவன், பசி என்று ஒருவன், அஜீரணம் என்று ஒருவன், வெயில், குளிர், பூச்சி, கிழம் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். படித்து முடித்தபோது தனக்கே அந்த நோய்கள் எல்லாம் இருப்பது போலிருந்தது. டெக்லனைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தீரும் விஷயம். ஆனால் கேட்பதும் ஒப்புக்கொள்வதும் ஒன்று என்று அவள் மனசு அடம் பிடித்தது. மஞ்சள் இலை மூன்று ஐந்தாகி, ஐந்து எட்டானது.

கடைசியில் செடி விற்கிற நர்சரிக்குப் போனாள். அங்கே கல்லாவில் நின்றவனைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிடலாமா என்று இருந்தது. தாடியும் பச்சை ஏப்ரனுமாக நின்றவன் ஆன்டே. குரோஷியாக்காரக் கொத்தனாரின் மகன். பத்தாம் வகுப்பில் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னாலிருந்து அவனைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு வந்தது அவள்தான்.

"மிஸ்! மிஸ் பிரென்னன்! ஐயோ, அப்படியே இருக்கீங்களே!"

"நீ அப்படியே இல்ல ஆன்டே. தொப்பை போட்டுருச்சு."

"கல்யாணம் ஆயிருச்சு மிஸ், வேற வழி இல்ல. என்ன வேணும் சொல்லுங்க."

"செடி மஞ்சளாகுது."

"என்ன செடி?"

அந்த வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது. எத்தனை பிள்ளைகளின் பைகளை அந்த வார்த்தைக்காகக் கவிழ்த்துக் கொட்டியிருப்பாள்! அதை இவன் முன்னால் எப்படிச் சொல்வது? மென்று விழுங்கினாள்.

"தக்காளி."

ஆன்டேயின் தாடிக்குள் ஏதோ அசைந்தது. "தக்காளி. சரி. எங்க வெச்சிருக்கீங்க?"

"உள்ள. கண்ணாடி ரூம்ல."

"ஓ, உள்ள வெச்ச தக்காளி."

"ஏன், வெக்கக் கூடாதா?"

"தாராளமா வெக்கலாம் மிஸ். நிறையப் பேரு உள்ளதான் தக்காளி வெக்கறாங்க. எத்தனை செடி?"

"ரெண்டு."

"ரெண்டேதான். மூணு இல்ல." அவன் முகத்தை மிகவும் சிரமப்பட்டு நேராக வைத்துக்கொண்டான். "காய் வந்துருச்சா?"

இந்தக் கேள்வியை மொய்ரா எதிர்பார்க்கவில்லை. வரவில்லை என்றால் தக்காளி இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயந்து, "வந்துருக்கு" என்றாள்.

"வந்துருக்கா!" அவனுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "காயோட அடிப்பக்கம் கறுத்துப் போகுதா?"

"ஆமா. கறுப்புதான். எல்லாக் காயும்."

ஒரு பொய்யைச் சொல்லிப் பழக்கமில்லாதவள் சொன்னால் இப்படித்தான், அளவு தெரியாது. ஆனால் ஆன்டேக்கு அது வேறு மாதிரிப் பட்டது. இந்த அம்மா பொய் சொல்லி அவன் பார்த்ததில்லை. அந்தப் பள்ளியில் யாருமே பார்த்ததில்லை. சே, நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன், மிஸ் நிஜமாகவே தக்காளிதான் வைத்திருக்கிறார் என்று அவன் முடிவுக்கு வந்துவிட்டான். சிரிப்பு அடங்கியது. பொறுப்பான கடைக்காரன் முகம் வந்தது.

"அப்ப சுண்ணாம்புச் சத்து இல்ல மிஸ், வேற ஒண்ணுமில்ல. இந்தாங்க, தண்ணில கலக்கற சுண்ணாம்பு. ஒரு வாளிக்கு ஒரு மூடி. கேக்கும்."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஒரு வாளிக்கு இரண்டு மூடி கலந்து ஊற்றினாள். நோய் பெரிது, மருந்து கொஞ்சமா என்பது அவள் கணக்கு. மறுநாள் மஞ்சள் குறையவில்லை என்று இன்னொரு வாளி. அடுத்த வாரமும் விடவில்லை.

அந்த வாரக் கடைசியில் டெக்லன் போன் பண்ணினான். சமவெளியில் சிக்னல் கிடையாது; சாயங்காலம் வேலை முடிந்து யூட் வண்டியின் கூரை மேல் ஏறி நின்றால்தான் குரல் வரும். காற்று இரைகிற சத்தத்துக்கு நடுவே கேட்டான்.

"எப்படிம்மா இருக்கு?"

"யாரு?"

"நீயும்தான், செடியும்தான்."

"ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்."

"நல்லா இருக்கா? நிஜமாவா?" அவன் குரலில் ஒரு ஆச்சரியம் இருந்தது. அவள் அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டாள். பார், ஆரம்பித்துவிட்டான் என்று குரலை உயர்த்தினாள்.

"ஏன், நல்லா இருக்கக் கூடாதா? தண்ணி ஊத்தறேன், வளருது. அங்க சாப்பாடு போடறாங்களா ஒழுங்கா?"

"மூணு வேளையும் ஆட்டுக்கறி. கத்தரிக்கறதும் ஆடு, திங்கறதும் ஆடு."

சிரித்துப் பேசிவிட்டு வைத்தாள். வைத்த கையோடு கண்ணாடி அறைக்கு ஓடினாள். கீழே மஞ்சள் அப்படியே இருக்க, இப்போது மேலேயும் ஒரு புது மஞ்சள் வந்திருந்தது. இளந்தளிர் எல்லாம் வெளுத்து எலுமிச்சை நிறத்தில் நிற்க, நரம்பு மட்டும் பச்சையாக, பேனாவால் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. அடியிலிருந்து ஒன்று ஏறுகிறது, உச்சியிலிருந்து ஒன்று இறங்குகிறது. நடுவில் ஒரு சாண் பச்சைதான் மிச்சம்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. மகனிடம் பொய், கடைக்காரனிடம் பொய். இத்தனை வருடம் மற்றவர்களின் பொய்யை மூக்கால் பிடித்தவள், தன் வாயிலிருந்து வந்ததைப் பிடிக்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை மறுபடி நர்சரி. அன்றைக்குப் பார்த்து ஊரே அங்கே இருந்தது. பூச்செடித் தட்டும் உர மூட்டையுமாகக் கல்லாவுக்கு முன்னால் நீள வரிசை. ஆன்டே தூரத்திலிருந்தே பார்த்துவிட்டான்.

"மிஸ்! தக்காளி எப்படி இருக்கு?"

"ஆன்டே," என்றாள் மொய்ரா, "அது தக்காளி இல்ல."

"என்ன மிஸ்?"

"தக்காளி இல்லன்னேன். கஞ்சா. என் மகனோடது. ரெண்டு செடி. காயும் இல்ல, கறுப்பும் இல்ல. உன்கிட்ட பொய் சொன்னேன்."

ஆபீஸ் மேஜையிலிருந்து முற்றத்தின் கோடி வரைக்கும் கேட்கிற குரல் அது. ஓய்வு பெற்ற பிறகும் அது ஓய்வு பெறவில்லை. வரிசையில் ஒரு தலை பாக்கியில்லாமல் திரும்பியது. அவளுக்குப் பின்னால் தள்ளுவண்டியோடு நின்ற ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார்.

"கண்ணு, உங்க தக்காளிக்கு இவன் என்ன மருந்து சொல்றான்னு கொஞ்சம் சத்தமாக் கேளுங்க. என் வீட்டுலயும் அதே தக்காளிதான்."

வரிசை பூராவும் சிரித்தது. மொய்ராவுக்குக் காது நுனி வரை சிவந்தது. ஆன்டே கல்லாவை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு அவளைத் தொட்டிகள் அடுக்கிய மூலைக்கு அழைத்துப் போனான். நியாயமாக அவன்தான் சிரித்திருக்க வேண்டும். அவன் முகம் பேயடித்த மாதிரி இருந்தது.

"மிஸ், நான் குடுத்த சுண்ணாம்பை ஊத்திட்டீங்களா?"

"நாலஞ்சு வாளி."

"நாலஞ்சு வாளியா! ஐயோ மிஸ்! மேல் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையா நிக்குதா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"மண்ணுல சுண்ணாம்பு ஏறிட்டா, இருக்கற இரும்புச் சத்தைச் செடியால எடுத்துக்க முடியாது. அதான் தளிர் வெளுக்குது. நீங்க அடி கறுத்த காய்னு சொன்னீங்களே!"

"இல்லாத காய்."

"நீங்க பொய் சொல்வீங்கன்னு நான் கனவா கண்டேன்? எங்கப்பாகிட்ட என்னை மாட்டி விட்டப்பக்கூட நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் நிஜம் மிஸ். அதான அடி அவ்வளவு விழுந்துச்சு."

"வலிச்சுதா?"

"மறந்துருச்சு." மறக்கவில்லை என்று குரலே சொன்னது. "அத விடுங்க. முதல்ல மஞ்சள் எங்க ஆரம்பிச்சுது? மேலயா, கீழயா?"

"கீழ. சுண்ணாம்புக்கு முன்னாடியே."

"அப்ப ரெண்டு வெவ்வேற கோளாறு. மேல இருக்கறது சுண்ணாம்பு. கீழ கிழ இலை வெளுத்தா பசியா இருக்கலாம், இல்லைன்னா அடியில தண்ணி தேங்கி வேரு மூச்சு முட்டறதா இருக்கலாம். தொட்டியத் தூக்கிப் பாருங்க. கனமா இருந்தா தண்ணி. ஆனா என்னை ரொம்ப நம்பாதீங்க மிஸ். போன வருஷம் நான் வெச்ச ரெண்டும் செத்துப்போச்சு. நர்சரிக்காரன்னு சொல்லிக்கறியேன்னு என் பொண்டாட்டி இன்னிக்கும் சிரிக்கறா."

புது மண் ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தாள். கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் முதல் தொட்டியைத் தூக்கினாள். அது அசையவில்லை. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து இழுத்ததில் ஒரு விரற்கடை எழும்பித் திரும்ப உட்கார்ந்தது. உள்ளே களக் என்று தண்ணீர் சத்தம் கேட்டது. மேல் மண் காய்ந்து தூளாக இருக்கிறது, அடியில் குளம்!

மண்டியிட்டுப் பார்த்தாள். நீலப் பீங்கான் தொட்டிக்குள் செடியின் சொந்தக் கறுப்புத் தொட்டி. அந்தக் கறுப்புத் தொட்டியின் அடியைக் குப்பைப் பையால் சுற்றி, விளிம்பைச் சுற்றி வெள்ளி நிற டேப் ஒட்டியிருந்தது. ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்ததுமே அது டெக்லன் கை என்று தெரிந்தது. பையின் விளிம்பை விரலால் விலக்கினாள். அந்தப் பேர் பெற்ற மூக்குக்கு அழுகல் வாடை பளிச்சென்று ஏறியது. அப்போதுதான் முகத்துக்கு நேராகத் தண்டின் அடிப்பாகம் தெரிந்தது. இலையில்லாத காம்புகள், வரிசையாக, நகத்தால் கிள்ளியவை. வெட்டு வாய் காய்ந்து பழுப்பாகிப் போயிருந்தது. அவள் ஒரு இலையைக்கூடக் கிள்ளவில்லை.

கிளம்புவதற்கு முன்னாலேயே மஞ்சள் இருந்திருக்கிறது. அதைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் பச்சையாக மட்டும் காட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

"நான் இல்ல!" என்று அந்த ஆளில்லாத வீட்டில் மொய்ரா கத்தினாள். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். அது அரை நிமிடம்தான் இருந்திருக்கும். பின்னாலேயே கோபம் வந்தது. போனை எடுத்தவள் சாயங்காலம் வரைக்கும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக மணி அடித்தது. காற்றின் இரைச்சல் கேட்டது.

"அம்மா? என்ன ஆச்சு? இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே?"

"உன் செடி மஞ்சளாகுது டெக்லன்."

"எப்ப இருந்து?"

"நீ போறதுக்கு முன்னாடி இருந்து."

அவன் கூரைத் தகரத்தின் மேல் உட்காருகிற சத்தம் கேட்டது.

"பாத்துட்டியா," என்றான்.

"காம்பு இருக்கேடா. இலையைக் கிள்ளினவன் காம்பையும் கிள்ள வேண்டாமா? எங்க ஸ்கூல்ல ஏழாம் கிளாஸ் பையன்கூட இதைவிட ஒழுங்கா மறைப்பான்."

"முதல் தடவையா வளக்கறேன்மா. எதனால மஞ்சளாகுதுன்னு எனக்குத் தெரியல. எது செஞ்சும் நிக்கல. செத்துரும்னு தெரிஞ்சுபோச்சு." நிறுத்தினான். "உன்கிட்ட விட்டுட்டு வந்துட்டா…"

"வந்துட்டா?"

"செத்தா நீ கொன்னதா இருக்கும்ல."

சொல்லிவிட்டான். மொய்ரா சுவரில் சாய்ந்தாள். இத்தனை நாள் எந்தப் பழிக்குப் பயந்து ஓடினாளோ, அந்தப் பழியை அவன் கிளம்பும்போதே தயார் செய்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். வலித்தது. அழுகை வருமென்று நினைத்தாள், வரவில்லை.

"நல்லா இருக்குடா நியாயம்," என்றாள். "பழையதுக்கு நான் பொறுப்பு. அன்னிக்குப் பிடுங்கினது நான்தான், கொண்டு போய்க் குடுத்ததும் நான்தான். அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். குடுத்திருக்கக் கூடாது. அதையும் இப்பச் சொல்லிட்டேன். ஆனா இதை நான் கொல்லல."

அவளுக்கு நேர்மை உறுத்தியது.

"முழுசாக் கொல்லல. கீழ மஞ்சள் உன்னோடது. மேல மஞ்சள் என்னோடது. தக்காளின்னு பொய் சொல்லிச் சுண்ணாம்பு வாங்கி வந்து ஊத்திட்டேன்."

"நீ பொய் சொன்னியா? யாருகிட்ட?"

"ஆன்டேகிட்ட. உங்க ஸ்கூல்ல சைக்கிள் கொட்டகைக்குப் பின்னாடி நான் பிடிச்சேனே, அவன்கிட்ட."

மறுமுனையில் ஒரு சத்தம் கேட்டது. வண்டிக் கூரையிலிருந்து விழுந்துவிட்டானோ என்று பயந்தாள். சிரிப்பு அது. கூட அவளும் சிரித்தாள். ஆனால் கோபம் இன்னும் பாக்கி இருந்தது.

"சிரிக்காதே. எதுக்குடா தொட்டி அடியில பிளாஸ்டிக்கைச் சுத்தி ஒட்டினே? ஓட்டை இருக்கறதே தண்ணி போறதுக்குத்தானே? ஒரு சொட்டு வெளிய போகலை. வேரு பூரா அழுகிக் கெடக்கு. எந்த மடையன் இப்படிச் செய்வான்?"

சிரிப்பு நின்றது.

"கார்ப்பெட்," என்றான்.

"என்ன?"

"அந்த ரூம்ல கார்ப்பெட்மா. தண்ணி ஒழுகினா கறை பிடிக்கும். அதான் பிளாஸ்டிக் சுத்தினேன். அப்பவும் பயமா இருந்துச்சு, அதான் டேப்பும் ஒட்டினேன்."

"கறை பிடிச்சா பிடிச்சுட்டுப் போகுது. நான் என்ன உன்னை அடிச்சிருப்பேனா?"

"நீ அடிச்சதே இல்லம்மா. திட்டினதுகூட இல்ல." அவன் குரல் மெதுவாக வந்தது. "துணி எடுத்துட்டு வந்து மண்டி போட்டுத் தேய்ப்பே. தேய்ச்சு முடிக்கற வரைக்கும் என் மூஞ்சியப் பாக்க மாட்டே. சாப்பாட்டுக்குக் கூப்பிடறப்பவும் பாக்க மாட்டே. அப்புறமும் எத்தனை நாள்னு எனக்குத் தெரியாது. அது வேண்டாம்னு பாத்தேன்."

மொய்ரா குனிந்து பார்த்தாள். பால் நிறக் கார்ப்பெட். சுவருக்குச் சுவர், ஒரு புள்ளி கறை கிடையாது. தன்னைவிடக் கனமான ஆட்டைக் காலிடுக்கில் புரட்டிப் போட்டுக் கத்தரிக்கிற ஆண்பிள்ளை, ஒரு சொட்டுத் தண்ணீருக்குப் பயந்து, செடி மூச்சுவிட வழியில்லாமல் டேப் ஒட்டி வைத்திருக்கிறான். அவளைப் பார்த்துப் பயந்து. அது செத்துக்கொண்டிருந்தபோதும் டேப்பைப் பிரிக்க அவனுக்குத் தோன்றவில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தாள். சமையலறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். தொட்டியைத் தோளால் முட்டித் தள்ளினாள். அது சாய்ந்து பீங்கானிலிருந்து வழுகி வெளியே வந்தது. டேப்புக்குக் கீழே கத்தரியைச் சொருகி வெட்டினாள்.

"அம்மா? அது என்ன சத்தம்?"

"தண்ணி."

"ஏய், இரு, உள்ள ஊத்தாதே. வெளிய புல்லுக்கு எடுத்துட்டுப் போ."

"என்னால தூக்க முடியாது."

"அப்ப ஒரு வாளி வை. பழைய துண்டாவது போடு. அம்மா? கார்ப்பெட்டுல போகுதா?"

"போகுது." காப்பி டிக்காஷன் மாதிரித் தண்ணீர், கட்டி மண்ணோடு, வாடையோடு, பால் நிறத்தில் பரவிக்கொண்டு அவள் முழங்காலைத் தொட்டது. அவள் நகரவில்லை. "நல்லாப் போகுது. கதவு வரைக்கும் போயிருச்சு."

"ஐயோ, துணி எடும்மா!"

"துணியெல்லாம் எடுக்க மாட்டேன். நீ லைன்லயே இரு. இன்னொரு தொட்டி இருக்கு, அதையும் வெட்டிட்டு வந்து பேசறேன்."